மூலச் சான்று

குமுளிச் சாவடியை ஒட்டிய கிட்டங்கியில்
எனக்கு வேலை, மிளகுக்கு ஊர் எழுதுவது.

தூத்துக்குடியில் இறங்கும்போது
மூட்டைமேல் ஒரு தீவின் பெயர் இருக்கும்.
தீவில் அது விளையவில்லை என்று
தீவுக்கே தெரியும்.
ஒப்பந்தப்படி தீவுக்கு வரி குறைவு.
சல்லடையில் ஏறி இறங்கியதும்
'இடுக்கி மலை மிளகு' என்று ஒட்டுவேன்.
கம்பெனி புட்டியில் அடைத்து
விளைந்த நாட்டுக்கே விற்றாலும் விற்கும்.

உத்தமபாளையத்தில் பொருளாதாரம் படித்தவன் நான்.
ஒரு நாடு துணி நெய்யும், ஒரு நாடு மது வடிக்கும்,
மாற்றிக்கொண்டால் இருவருக்கும் லாபம்.
படம் வரைந்ததற்குப் பதினாறு மதிப்பெண்.
பீப்பாயை உருட்டியது யாரென்று
கேள்வி வரவில்லை.

தொண்ணூற்றெட்டில்
முந்நூறு பேர் வாங்கிய சிற்றிதழ் ஒன்றில்
'மூலம் என்று எதுவுமில்லை, எல்லாம் நகல்' என
ஒன்பது பக்கம் எழுதினேன்.
கம்பத்து டீக்கடையில் அதற்காகச் சட்டை கிழிந்தது.
முதலாளி சிபிச்சன் அதைப் படித்ததில்லை.
அவர் அளவுக்கு அதை நம்பியவரும் இல்லை.

பத்து மணிநேர நாற்காலி தந்த மூலத்துக்கு
வைத்தியர் கருணைக்கிழங்கு சொல்லியிருக்கிறார்.
அது மட்டும் அசல்.

சல்லடை பிடிக்கும் ஒச்சம்மாள்
மூல நட்சத்திரம்.
பெண் மூலம் நிர்மூலம் என்று
முப்பத்தொன்று வரை எவனும் எட்டிப் பார்க்கவில்லையாம்.
லோயர்கேம்பிலிருந்து விடியுமுன்
ஜீப்பில் பதினேழாவது ஆளாகத் தொற்றி ஏறுவாள்.
லாரியைப் போகச் சொல்லிவிட்டு
ஜீப்பை நிறுத்தித் தலை எண்ணுவார்கள்.

நேற்று சல்லடையில் சிக்கியது
பச்சை நிறத்தில் ஒரு கொண்டை ஊக்கு.
நீளமான முடி ஒன்று அதில் சுற்றிக் கிடந்தது.
என் மேசைக்குக் கொண்டுவந்தாள்.
"இவ எந்த ஊருண்ணே?"

தீவின் பெயர் நாக்குவரை வந்தது.
கையில் பசை தடவிய மலை.
மனசுக்குள் அந்த ஒன்பது பக்கத்தையும்
ஒருதரம் புரட்டிப் பார்த்தேன்.

"தெரியலம்மா."

"கூலி நம்மளவிடக் கம்மியாத்தே இருக்கும்.
இல்லாட்டி இங்கன காய்க்காததா,
கடல் தாண்டி எதுக்குத் தூக்கிட்டு வாரான்?"

படம் வரையாமல் சொல்லிவிட்டு
ஊக்கைத் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள்.
அந்த முடியை எடுக்கவில்லை.

அடுத்த மூட்டையின் தையலைப் பிரிக்கும்போது
இரண்டு முறை தும்மினாள்.