தாங்குதிறன்

மாடியில் நாற்பது தொட்டி.
சுண்ணாம்புக்கட்டியால் எண் போட்டிருக்கிறேன்:
சுழியம், ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து.
நூறு பங்கு மண்ணில்
எத்தனை பங்கு கச்சா எண்ணெய் என்ற கணக்கு.
திருவொற்றியூரில் ஏழு மணிக்கே வெயில் ஏறிவிடும்.
மேற்கே, மணலிப் புகைபோக்கி ஒன்றின் முனையில்
பகலிலும் யாருக்கோ ஏற்றிவைத்த மாதிரி ஒரு தீ.

பத்தில் தண்ணீர் ஊற்றினால் மண் குடிக்காது.
சேம்பிலைமேல் விழுந்ததுபோல் உருண்டு
ஓரம் தேடி ஓடி
அடித்தட்டில் போய் நிற்கும்.
அவ்வளவு ஈரத்துக்கு நடுவே
விதை தாகத்தில் கிடக்கும்.

முதலில் எள் போட்டோம்.
எள்ளின் நெய் என்பதால்தானே அது எண்ணெய்?
பாறைக்கடியிலிருந்து வந்த ஒன்று
அந்தப் பேரை வாங்கிக்கொண்டது,
திருப்பித் தரவில்லை.
பேர் கொடுத்த விதை
ஐந்தில் ஒன்றுகூட முளைக்கவில்லை.
பதினோராம் நாள் கிளறினேன்.
கறுப்புக்குள் கறுப்பாக, உப்பாமல், போட்டபடி.

கம்பு வந்தது, நுனியெல்லாம் மஞ்சள்.
வேர் அரைவிரல் நீளம்;
தடித்து, மேலேயே சுருண்டு,
கீழே என்ன இருக்கிறதென்று தெரிந்துகொண்ட மாதிரி.

காராமணிதான் நின்றது.
ஒரு மாதம் எதுவும் செய்யாமல்
இரண்டே இலையோடு நின்றது.
பிறகு, ஆடி முடிகிற சமயம், கொடி விட்டது.
ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன்:
வேர்முடிச்சு நாலைந்து,
நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு.
உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம்.
அறிக்கையில் இதற்குத் தாங்குதிறன் என்று பேர்.

ஐந்தாம் எண் மட்டும் நாங்கள் கலந்ததில்லை.
அது லோகம்மாள் மண்.
சடையங்குப்பத்தில் எட்டு சென்ட் கீரைப்பாத்தி.
அந்த மழையில் கால்வாய் ஏறி வந்தது,
தண்ணீர் வடிந்தது.
தண்ணீர் மட்டும்.

நேற்று மாடிக்கே வந்துவிட்டாள்,
மூன்று மாடி, மூச்சு வாங்க.
"எதும்மா தாங்குது?"
காட்டினேன்.
"தாங்குதா, வேற போக்கு இல்லாம நிக்குதா?"
என் ஏட்டில் அதற்குத் தனிக் கட்டம் இல்லை.

இலையைக் கிள்ளி மோந்து பார்த்தாள்.
விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.
"துன்லாமா?"
கூடாது என்றேன். காயில் என்ன ஏறியிருக்கிறதென்று
இனிமேல்தான் பார்க்க வேண்டும்:
எழுபது டிகிரியில் உலர்த்தி, பொடித்து, எடைபோட்டு...
"எள்ளு காயுது எண்ணெய்க்கு" என்றாள்.
மீதியைச் சொல்லவில்லை.

படியில் கால்வைத்தவள் திரும்பினாள்.
"வெதைக்கு ரெண்டு குடு. என் மண்ணுல வந்ததுதான?
துன்ன மாட்டேன்."

ஐந்தாம் எண்ணில் ஒன்பது காய்.
ஏட்டில் ஏழு என்று எழுதியிருக்கிறேன்.
பேராசிரியர் கேட்டால்
காக்கை என்று சொல்லிக்கொள்ளலாம்.