வேண்டாத பாட்டுகள்

ஒரு மணி நேரத்துக்கு இருநூறு ஸ்லோட்டி.
பெட்ரோல் தனி.
சுவாவ்கிக்கு வடக்கே, உழுது போட்ட வயல்களுக்கு நடுவே
தீயணைப்பு நிலையத்து மாடி மண்டபம்.
கீழே சிவப்பு வண்டி உறங்குகிறது,
மேலே எண்பத்து நான்கு நாற்காலிகள்
நவம்பர் மூடுபனியோடு காத்திருக்கின்றன.

செனோனுக்கு அறுபத்தொன்று. இரண்டாம் கல்யாணம்.
பொஜெனாவுக்கும் அப்படித்தான்.
மூன்று வாரம் முன்பே தாள் ஒன்று தந்திருந்தார்,
இருபக்கமும் எழுதியது.
வேண்டும் என்பதில் மூன்றே வரி:
எல்லாரும் ஆடணும்.
சின்னதுகளுக்குக் காது வலிக்கக் கூடாது.
பன்னிரண்டுக்கு மேல் உன் இஷ்டம்.

மிச்சமெல்லாம் வேண்டாதவை.
அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்துக்கொண்ட இரவில்
ஓடிக்கொண்டிருந்த ஓபெரெக்.
பால் பண்ணையை இழுத்து மூடிய வருஷத்து டிஸ்கோ, ஒன்றுகூட.
அக்கார்டியன் தனியாக அழுகிற எதுவும்.
கடைசியில், இரண்டு கோடு அடித்து, ஒரு வால்ட்ஸ்.
பெயர் இருந்தது. காரணம் இல்லை.

பகலில் மின்கம்பம் ஏறுகிறவள் நான்.
சனிக்கிழமை இரவுகளில் இது.
இரண்டிலும்
எந்தக் கம்பியைத் தொடக்கூடாது என்பதுதான் படிப்பு.

சூப் வரும்வரை மெதுவாகப் போட்டேன்,
கரண்டிச் சத்தத்துக்குக் கொஞ்சம் கீழே.
பிள்ளைகள் செருப்பைக் கழற்றி
காலுறையோடு தரையில் வழுக்கினார்கள்.
ஒலிவியெருக்குப் பதினேழு.
மேசைமேல் முழங்கையை ஊன்றி
"இதெல்லாம் யாருக்கு?" என்றான்.
அவன் போனில் ஒரு டெக்னோ, நிமிடத்துக்கு நூற்றைம்பது அடி,
யாருடைய இதயமும் அந்த வேகத்தில் நல்லபடியாக இருக்காது.
ஒன்பதே முக்காலுக்கு ஒன்று, ஒன்றே ஒன்று,
என்று பேரம் முடித்தோம்.

ஒன்பதே முக்காலுக்குப் போட்டேன்.
எழுந்தவர் பொஜெனாவின் சித்தப்பா,
போன மாதம்தான் முழங்கால் மாற்றியவர்.
அவர் இன்ஜின்; பின்னால் தோளைத் தோள் பிடித்து
நாற்பது பேர் ரயில்.
ஒலிவியெர் சுவரோரம்
கோட்டு மாட்டும் கொக்கிகளில் ஒன்றாக நின்றான்.

பத்தரைக்கு யுஸ்தினா வந்தாள்.
செனோனின் மூத்த வீட்டு மகள்.
கையில் எச்சில் தட்டுகள்.
அந்த வால்ட்ஸின் பெயரைச் சொன்னாள்.
"அது என்கிட்ட இல்லை."
மூன்றாம் வரிசையில், என் கண்ணெதிரே இருந்தது.
"எல்லா வால்ட்ஸும் இருக்கு, அது மட்டும் இல்லையா?"
"அது மட்டும் இல்லை."
சரி என்று தலையாட்டி
சமையலறைக்குள் போய்விட்டாள்.
பொய் சொன்ன கையோடு
போல்காவை எடுத்துப் போட்டேன், சத்தமாக.

மண்டபத்துக்கும் சமையலறைக்கும் இடையே
தட்டு நீட்டும் ஜன்னல் ஒன்று உண்டு.
என் மேசையிலிருந்து பார்த்தால்
அடுப்பும், தொட்டியும், நனைந்த தரையில் ஒரு துண்டும் தெரியும்.
அங்கே செனோன். மேல்கோட்டு இல்லை.
எதிரே யுஸ்தினா, ஒரு கையில் இன்னும் ரப்பர் உறை.
ஆடுகிறார்கள்.

ஸ்பீக்கர் தகதிமி தகதிமி என்று உதைக்கிறது.
நாற்காலிகள் நடுங்குகின்றன.
அவர்கள் கால்
தகிட... தகிட... என்று
நிதானமாக, கொஞ்சமும் தப்பாமல்,
என் தாளத்துக்குள் காலை நனைக்காமல் போய்க்கொண்டிருக்கிறது.

நான் போடாத பாட்டு.
அவர்களுக்கு மட்டும் கேட்கிறது.

போல்கா என்றால் மூன்று நிமிடம்.
முடிகிற இடத்துக்குப் போகவிடாமல்
நடுவிலிருந்து மறுபடி, மறுபடி திருப்பினேன்.
ஏழாவது நிமிடத்தில் மண்டபம் மூச்சிரைத்தது.
யாரோ டையைக் கழற்றி என்மேல் எறிந்தார்கள்.
ஒன்பதில் இன்ஜின் சித்தப்பா உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் பொஜெனாவைப் பார்த்தேன்.
கல்யாண உடையில், அகன்ற முதுகோடு,
அந்த ஜன்னலை மறைத்து நிற்கிறாள்.
கேக் தட்டுகளை அடுக்குகிறாள்.
அடுக்கியதைக் கலைக்கிறாள். மறுபடி அடுக்குகிறாள்.
சாஸ் கேட்டு வந்தவரைத்
திருப்பி அனுப்புகிறாள்.
என் மேசைக்கு மட்டும் ஒரு ஓரம் விட்டிருந்தாள்,
தெரிந்தோ, தெரியாமலோ.

என்னைப் பார்த்து
ஒரு விரலைத் தூக்கிச் சுழற்றினாள்:
இன்னும் ஒரு சுற்று.