குழாய் நகர்வதில்லை

காவேரிப்பட்டணம் தாண்டி மாங்கூழ்த் தொழிற்சாலை.
கொதிக்கக் கொதிக்கத் தோத்தாபுரி இறங்கும் குழாய்
ஒரே இடத்தில் நிற்கிறது.
அடியில் பெல்ட்தான் நகர்கிறது.

சேலத்தில் மூன்று வருஷம் நிலவியல் படித்தேன்.
வேலை, டின் தட்டிப் பார்ப்பது.
விரல் கணுவால் ஒரு தட்டு:
நல்ல டின் ஒரு மாதிரி சொல்லும்,
காற்று புகுந்தது வேறு மாதிரி.

நேற்று ராத்திரி இரண்டே காலுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் நாலு இழுப்புக்கும் பிடிக்கவில்லை.
எமர்ஜென்சி விளக்கில்
நின்றுபோன பெல்ட்டை முதல்முறையாகப் பார்த்தேன்.
குழாய்க்கு நேர் கீழே ஆவி பறக்கும் ஒன்று.
அடுத்தது ஆவி அடங்கியது.
அதற்கும் அடுத்ததில் கை வைக்கலாம்.
கடைசி டின்
தண்ணீர்த் தொட்டிக்குள் பாதி முங்கியிருந்தது.

அட,
பரீட்சையில் எழுதாமல் விட்ட
பதினைந்து மார்க் கேள்வி.

கடலுக்கடியிலும் கொதி ஓரிடத்தில்தான்.
தட்டு அதன்மேல் ஊர்கிறது,
வருஷத்துக்கு நாலு விரற்கடை.
ஒரு தீவு எழும்பி, புகைந்து, வெயில் கண்டு,
ஏதோ பறவையின் வயிற்றில் வந்த விதை
மரமாகிக் காய்த்து முடிவதற்குள்
காலடி நெருப்பை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும்.
காலம் போனால் பழைய இடத்தில் வேறொன்று.
மழை அறுக்கும், அலை அறுக்கும் என்று எழுதியிருப்பேன்.
அது பாதிதான்.
தீவு நிற்கும் தரையே ஆறிப்போகிறது.
ஆறினால் கனம். கனத்தால் இறக்கம்.
யாரும் பிடித்து முக்க வேண்டியதில்லை.
தலை தட்டையாகி, இருட்டில்,
அப்போதும் நகர்ந்துகொண்டுதான் இருக்கும்
ஒரு பள்ளம் வரும்வரை.

மூடி பிடிக்கும் மிஷினில் நின்ற
முனிரத்தினம்மாவிடம் சொன்னேன்.
வேப்பனப்பள்ளிப் பக்கம் அவள் ஊர்.
"தீவெல்லாம் நமக்கெதுக்குடி,
கடலே நான் பார்த்ததில்ல."

பார்த்ததில்லையா.
உன் ஊருக்குப் பின்னால் ஆடு ஏறுமே கரும்பச்சைப் பாறை,
அது கடலுக்குள் கக்கியது.
பள்ளம் விழுங்கும்போது தொண்டையில் சிக்கி
நிலத்தோடு ஒட்டிக்கொண்ட தீவுத் துண்டு என்று
ஒரு கட்சி சொல்கிறது.
இல்லை என்கிறவர்களும் உண்டு.
ஏறக்குறைய இருநூற்றைம்பது கோடி வருஷம்;
சாட்சிக்கு யார் வருவார்.

அவள் சிரிக்கவில்லை.
கையுறையைக் கழற்றி உதறினாள்.
"போன வருஷம் அதுமேலதான் போர் போட்டோம்.
எழுநூறு அடி. ரெண்டு பிட் உடைஞ்சுது.
புகைதான் வந்துச்சு."
கடன் எவ்வளவு என்று அவள் சொல்லவில்லை.
ஆடியோடு சீசன் முடிந்தால்
எங்கே போவாள் என்று நானும் கேட்கவில்லை.

ஜெனரேட்டர் இருமிப் பிடித்தது.
மிஷின் பக்கம் திரும்பியவள்
சத்தத்துக்கு மேல் கத்தினாள்:
"கடலாமே! அப்ப தண்ணி எங்கடி போச்சு?"

பதில் தெரியும். மூன்று பக்கம் வரும்.
அதற்குள் ஒரு டின் தொட்டியிலிருந்து ஏறி
சொட்டச் சொட்ட என் முன்னால் வந்துவிட்டது.
வெளியே குளிர்ச்சி,
உள்ளே இன்னும் சூடு.
தட்டினேன்.