நேரம் இல்லாத சமன்பாடு

மருதமுனை மெயின் ரோட்டில்
வாப்பாவின் வேன் இழுத்த கறுப்புக் கோடு.
ஆதம்லெவ்வையின் ஆடு பிழைத்தது,
ஒரு கொம்பு போக.

"முப்பதிலதான் வந்த நான்"
என்கிறார் வாப்பா.
எத்தனை செக்கனில் நின்றது?
ஒருவரும் மணிக்கூடு பார்க்கவில்லை.

நேரம் தெரியாது; கேள்வியிலும் இல்லை.
நேரம் நுழையும் சமன்பாடு எல்லாவற்றையும்
கொப்பியில் குறுக்கே வெட்டினேன்.
மிஞ்சியது ஒன்று:
வேகங்களின் வர்க்கம், தூரம், ஆர்முடுகல்.

கோட்டைக் காலடியால் அளந்தேன், பதினான்கு மீற்றர்.
காய்ந்த தார்: அமர்முடுகல் ஏழென்று வைத்தேன்.
இறுதி வேகம் பூச்சியம்,
அதை வேனே சொன்னது.

வர்க்கமூலம் மிச்சமில்லாமல் வந்தது:
பதினான்கு.
மணிக்கு ஐம்பது.

விடையின் கீழ் இரட்டைக் கோடு போடவில்லை.
வாப்பா தேத்தண்ணி கேட்டார்.
கொப்பியை மூடிச் சீனி அள்ளினேன்,
எத்தனை கரண்டி என்று எண்ணாமல்.