மறுமுனை

மெட்டேகன் துறையில் இன்று பெருங்காற்று.
சிங்கி இறால் படகுகள் ஒன்றும் கிளம்பவில்லை.
அதனால்தான் அல்சீட் வந்தான்.
வேறு காரணம் இருப்பதாக
அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் கொட்டகை பத்து மீட்டர்,
பாய்மரம் பதினான்கு.
மரம் என்பது பேருக்கு. உள்ளே வெற்றிடம் கொண்ட அலுமினியம்,
மூன்று முக்காலிகள்மேல் மல்லாந்து கிடக்கிறது.
அடிப்பக்கம் நான்கு மீட்டர் கதவுக்கு வெளியே,
ஏப்ரல் வந்தும் பனி உருகாத சரளைமேல்.
இடைவெளியில் கிழிந்த பாய்த்துணியைத் திணித்தேன்.
இப்போது நான் உள்ளே, அடுப்பின் பக்கம்.
அவன் வெளியே, காற்றில்.
நடுவே இந்தக் குழாய்.

துளை இருபத்திரண்டு மில்லிமீட்டர்.
ரேடார் கம்பியின் தலை இருபத்தொன்று.
விளிம்பை அரம் போட்டு மழித்தேன்,
விரல் விட்டுச் சுற்றிப் பார்த்தேன்.
விரலைக் கீறாதது கம்பியையும் கீறாது.

அவன் எஃகு நாடாவை அடியிலிருந்து தள்ளுகிறான்.
சரசரவென்று ஏதோ பிராணி வருவதுபோல் வருகிறது.
நிற்கிறது.
குறுக்கே ஒரு திருகாணி.
பின்வாங்கித் திருப்பித் தள்ளுகிறான், மறுபடி அதே திருகாணி.
நாலாம் முறை அவன் வைதது
காற்றைத் தாண்டி வரவில்லை,
பாய்மரம் வழியாக வந்தது,
என் காதருகே, அவ்வளவு தெளிவாக,
பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன்போல.

போன ஆகஸ்ட்டில் இந்தக் குரலை
மூடுபனிக்குள் கேட்டேன்.
முதலில் எஞ்சின், பிறகு குரல்,
பிறகுதான் அவன் படகின் வெள்ளை மூக்கு.
என் இடப்பக்கத்தில் இரண்டு மீட்டருக்குக் கீறிவிட்டுப் போனது.
ஹெர்ரிங் வலையோடு திரும்பியவன்.
'ரேடார் ஓடிக்கொண்டுதான் இருந்தது,
நீ அதில் இல்லை' என்றான்
காப்பீட்டுக்காரனிடமும், துறைமுகத்தில் எல்லோரிடமும்.
ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது.
எட்டு மாதம்
ரொட்டிக்கடையில் ஒருவர் வெளியே வந்த பிறகு மற்றவர் போனோம்.

துணி மாட்டும் கொக்கியை வளைத்து
நாடாவின் நுனியைப் பிடித்துவிட்டேன்.
நூல் கட்டி, நூலில் கம்பி கட்டி,
முடிச்சு தடுக்காதபடி பட்டையாகச் சுற்றி,
மேலே சவர்க்காரம் தடவினேன்.
மூன்று தட்டு: இழு. ஒரு தட்டு: நிறுத்து.
முழத்துக்கு மூன்று நெகிழிக் கட்டு.
வாலை நறுக்காமல் விட்டேன்,
மூன்று திசையிலும் பூனை மீசைபோல் விரிந்து
கம்பியை நடுவில் தாங்கும்.
இல்லையென்றால் இரவு முழுக்க, நங்கூரத்தில்,
டக் டக் டக்.

பாதி தூரத்தில் அவன் நிறுத்தினான்.
குழாய்க்குள் மூச்சு கேட்டது.
'அன்றைக்கு நான்...' என்றான்,
பிறகு காற்று அடிவாயில் ஊதியது,
பாய்மரம் முழுக்க ஒரே ஓலம்.
'என்ன?' என்றேன்.
'கம்பி வருகிறதா என்று கேட்டேன்.'

வருகிறது.

ஒன்று யாரிடமும் சொன்னதில்லை.
என் படகின் தகர எதிரொலிப்பான்,
ரேடாருக்கு என்னைக் காட்டித் தரவேண்டிய அது,
வண்ணம் பூசுவதற்காகக் கழற்றி
உருளைக்கிழங்கு மூட்டைக்கடியில் வைத்தது,
ஆகஸ்ட் முழுக்க அங்கேயே கிடந்தது.
கண்ணாடியிழைப் படகு ரேடாருக்குக் காற்று மாதிரி.
நான் அதில் இல்லைதான்.

துளையில் வாய் வைத்து அதைச் சொன்னேன்.
உரக்க இல்லை.
கம்பி துளையை அடைத்திருந்தது,
வெளியே காற்று குறையவில்லை.

நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு மூன்று தட்டு.
இழு என்றா, இழுக்கிறேன் என்றா?
அந்தத் தட்டு நான் அவனுக்குக் கொடுக்க வேண்டியது.
விட்டுக்கொடுத்தேன். கம்பி என் கையிலிருந்து
சவர்க்கார வழுக்கலோடு உள்ளே போயிற்று.

துளைக்கு ரப்பர் வளையம் போட்டேன்.
கம்பியை ஒரு முறை தாழ வளைத்துவிட்டுத்தான் நுழையவிட வேண்டும்,
மழை அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.
நூலை உருவவில்லை, உள்ளேயே விட்டேன்.
நாளைக்கே இன்னொன்று தேவைப்படலாம்.

பாய்த்துணியை விலக்கிக்கொண்டு அல்சீட் உள்ளே வந்தான்.
காதுகள் செக்கச்சிவப்பு.
அடுப்பில் கை நீட்டி,
என்னைப் பார்க்காமல்,
பேட்டரி எத்தனை ஆம்பியர் என்றான்.
சொன்னேன்.
போதாது என்றான்.