நானூறு மணி நேரம்

பல்கலைக்கழகம் தந்த பட்டியலில் பதினேழு முகவரிகள்.
முதியோர் இல்லம் மூன்றாம் நாளே கைவிரித்தது:
மேற்பார்வையிட உரிமம் பெற்றவர் இல்லையாம்.
மருத்துவமனை வாய் திறக்கவில்லை.
பள்ளிக்கூடம், கார் இருந்தால் வா என்றது.
என் கார் நவம்பரிலேயே செத்து
டுலூத்தின் செங்குத்துத் தெருவொன்றில்
பனிக்கு அடியில் கிடக்கிறது.

களப்பயிற்சி அலுவலகத்தில் டார்லா
என் விண்ணப்பத்தைத் தூரப் பிடித்துப் படித்தாள்.
"பதினோரு வருடம் ரொட்டி சுட்டதை ஏன் மறைத்தாய், ஐலா?"
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றேன்.
"இரவு மூன்று மணிக்கு
விழித்திருக்கத் தெரியும் என்று சம்பந்தம்."

ஒன்பதாவது முகவரி கூப்பிட்டது.
முதலாம் தெரு, வீடற்றோர் உதவி மையம்.
ரென்னிக் என்பவர் என்னைக் கேட்டார்:
உங்கள் முன்னால் ஒருவர் அழுதால்?
பாடப்புத்தகத்தில் இருந்தது, ஒப்பித்தேன்.
அழாவிட்டால்?
அது எந்தப் பாடத்திலும் வரவில்லை.
நான் கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தேன்.
அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.
திங்கட்கிழமை எட்டரைக்கு வரச் சொல்லி
வியாழன் இரவு கடிதம் வந்தது.
அந்தக் குறிப்பில் என்ன இருந்தது என்று
இன்னும் எனக்குத் தெரியாது.

இதற்கு நடுவே
காசநோய்ச் சோதனை, முன்கையில் கொசுக்கடி போல் ஒரு புடைப்பு.
பிறகு கைரேகை.
இயந்திரம் என் விரல்களை ஏற்கவே இல்லை.
நான்கு முறை வைத்தேன், துடைத்துத் துடைத்து.
அடுப்பும் சூட்டுத் தட்டும்
நுனிகளை வழித்து எடுத்திருக்கின்றன.
"திருடுவதற்கென்றே செய்த விரல்கள்"
என்று சிரித்தான் காவல் நிலையத்துப் பையன்.
ஐந்தாவதில், கட்டைவிரலில் மட்டும்
நான் யாரென்று கொஞ்சம் தெரிந்தது.

கற்றல் இலக்குகள் என்றொரு படிவம்.
"கவனமாகக் கேட்டல்" என்று எழுதினேன்.
எழுதியதும் பொய் போல இருந்தது.
அழிக்கவில்லை.

வெள்ளியன்று வழி பழக ஒத்திகை போனேன்.
இரண்டு பேருந்து, நாற்பத்தேழு நிமிடம்.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்று;
ஏரியிலிருந்து வந்த காற்று
காது மடலைக் கடித்துக்கொண்டே கூட வந்தது.
ஒரு நிமிடம் குளிர்காயத்தான் உள்ளே நுழைந்தேன்.
முகப்பில் இருந்த பெண் நிமிராமலே
அட்டையும் படிவமும் நீட்டினாள்,
நூலில் கட்டிய பேனாவோடு.
நான் மாணவி என்று சொல்ல வாயெடுத்தேன்.
பின்னால் ஆள் நின்றது.
உட்கார்ந்துவிட்டேன்.

பெயர் எழுதினேன்.
நேற்றிரவு எங்கே தூங்கினீர்கள்?
அதற்கு முந்தைய இரவு?
இன்று உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?
கீழே இரண்டு விரல்கடை இடம்.
அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாற்காலிக்கு ஒரு கால் குட்டை.

ஹீட்டர் மேல் கையுறையைக் காயவைத்தவர்
என் தாளை எட்டிப் பார்த்தார்.
"பொடிசா எழுதும்மா. பின்பக்கம் போச்சுன்னா
யாரும் புரட்ட மாட்டாங்க."
நன்றி என்றேன்.
நான் அந்த ஆள் இல்லை என்று
அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.
கையுறையைப் புரட்டிப் போட்டார்.
எரிந்த கம்பளி வாசனை.

அட்டையைத் திருப்பிக் கொடுத்து
முகப்பில் உண்மையைச் சொன்னேன்.
அவள் ஆச்சரியப்படவில்லை.
"அப்போ திங்கள் வாங்க. ஊழியர்களுக்குப் பின் வாசல்."

திரும்பும் பேருந்தில் மருத்துவமனையின் பதில் வந்தது:
வருந்துகிறோம், இடங்கள் நிரம்பிவிட்டன.
அலைபேசியைப் பையில் போடும்போது
அந்தப் படிவம் கையில் பட்டது.
அட்டையை மட்டும்தான் கொடுத்திருக்கிறேன்.
என் பெயர், அதன் கீழே வெள்ளை.
மடித்தேன், பிரித்தேன்,
பின்பக்கம் புரட்டிப் பார்த்தேன்.
இறங்க வேண்டிய நிறுத்தம்
எப்போதோ போய்விட்டிருந்தது.