நிலை அறிக்கை

பெட்டி வந்து இருபத்துநாலு மணி நேரம்
திறக்கக் கூடாது என்பது விதி.
கடல் கடந்து வந்த மரமும் துணியும்
எங்கள் ஊர்க் காற்றுக்கு மெல்லப் பழக வேண்டுமாம்.
ஜூலை மாதத்து மும்பைக் காற்றுக்கு
நானே இன்னும் பழகவில்லை,
பிறந்தது சயான் ஆஸ்பத்திரியில்.

மறுநாள் நாம்தேவ் திருகாணிகளைக் கழற்றினார்,
முப்பத்திரண்டு, ஒரு ஸ்டீல் கிண்ணத்தில் எண்ணி.
நுரை மெத்தை, வழவழத் தாள், அப்புறம் அது:
மூன்றடி அகலம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று.
பாதிக்கு மேல் வானம்,
மீதி சேறு.
சேற்றைக் கிழித்து நெளிந்து போகும் ஒரு கழி,
அதன் கரையில் வெளிறிய குவியல்கள்,
ஏழோ எட்டோ, கடைசியது வெறும் ஒரு தீற்றல்.

உப்பு, என்றேன்.
வைக்கோல், என்றாள் படத்தோடு வந்த லோர்னா.
உவர்நிலத்துப் புல்லாம். அறுத்து
மரக்கட்டைகள் நட்டு அதன்மேல் போர் போடுவார்களாம்,
ஓதம் ஏறினாலும் நனையாதிருக்க.
தலையை ஆட்டினேன்,
கண் கேட்கவில்லை.
பாண்டுப்பில் நெடுஞ்சாலை நெரிசலில் பஸ் நிற்கும்போதெல்லாம்
மே மாதத்து உப்பளத்தைப் பார்த்த கண்.
அங்கே வீடுகள் கட்டப் போகிறார்கள் என்று
ஆறு வருஷமாகச் சொல்கிறார்கள்.

இந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது, என்று கேட்டேன்.
லோர்னா கொஞ்சம் யோசித்தாள்.
விமான நிலையம், என்றாள்.
அங்கிருந்துதான் நாங்கள் கிளம்பினோம்,
இதுவும் நானும்.

நாம்தேவுக்கு இந்தியில் சொன்னேன்.
கிண்ணத்தை ஒரு தடவை குலுக்கினார், அவ்வளவுதான்.

டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால்
ஓவியம் தன் மேடு பள்ளம் எல்லாம் காட்டிவிடும்.
நான் சொல்லச் சொல்ல அவள் குறித்துக்கொண்டாள்.
சட்டம், இடது மேல் மூலை, சில்லு பெயர்ந்தது. பழையது.
வானம், மயிரிழை விரிசல்கள். நிலையானவை.
கழியின் வளைவில் தூரிகை மயிர் ஒன்று. பழையது.
அப்புறம்
அடிவானத்துக்கு ஒரு விரல் மேலே
கறுப்பாக ஏதோ.
அழுக்கு என்றுதான் நினைத்தேன்.
லென்ஸை வைத்தால், கால்கள்.
ஒரு இறக்கை.
ஈர வெள்ளையில் உட்கார்ந்து
எழுந்திருக்க முடியாமல் போன கொசு.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
விரிசல் உண்டு, கறை உண்டு, பூஞ்சை உண்டு, இழப்பு உண்டு.
எடுத்துவிடலாமா, என்றேன்.
ஐயோ, என்பதற்கு அவர்கள் மொழியில் என்னவோ
அதைச் சொன்னாள்.
குறிப்பு என்ற இடத்தில் எழுதினாள்:
பூச்சி, ஒன்று. பழையது. படத்தைச் சேர்ந்தது.

அந்த மனிதர் அன்றைக்கு அங்கே நின்றிருக்கிறார்,
முழங்கால் சேற்றில்,
ஒரு கையில் வண்ணப்பலகை, ஒரு கையில் தூரிகை,
பிடரியில் கடிக்கக் கடிக்க.
இவ்வளவு அமைதியான வானம்
எப்படி வந்ததோ தெரியவில்லை.

மாலை நாலு மணிக்குச் சுவரில் ஏற்றினோம்.
அந்தப் பக்கம் நாம்தேவ், இந்தப் பக்கம் நான்,
ஹளூ, ஹளூ, என்கிறார் அவர்.
ஈரப்பதம் ஐம்பதில் நிற்கிறது, கதவு சாத்தியிருக்கிறது,
எப்படி நுழைந்ததோ ஒன்று,
கையுறை முடிகிற இடத்தில் வந்து உட்கார்ந்தது.
இரண்டு கையிலும் படம்.
கொக்கி சிக்குகிற வரைக்கும்
அது குடித்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து.
செண்பகவடிவு என்று முழுசாகப் போட்டேன்,
கட்டத்தை விட்டு வெளியே போயிற்று.

பஸ்ஸில் சொறிந்துகொண்டே இருந்தேன்.
பாண்டுப்பில் நின்றது. வெளியே மழை,
இருட்டில் தண்ணீர் மட்டும்.
பக்கத்து சீட்டுக்காரி மணிக்கட்டைப் பார்த்து
மச்சரா, என்றாள்.
ஆமாம், என்றேன்.
எந்த வருஷத்துக் கொசு என்று
சொல்ல வாய் வந்தது.
டிக்கெட், டிக்கெட், என்று கண்டக்டர் வந்துவிட்டார்.